32 வருடம் காத்திருந்த கணக்கு

1950-களின் நடுப்பகுதி. அமெரிக்காவின் சிகாகோ நகருக்குப் பக்கத்தில் ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடம். வில்லியம் டேவிடன் என்ற இளம் இயற்பியலாளர் ஒரு நீண்ட கணக்கைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். கணக்கு முடிவதற்குள் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. மறுபடியும் ஓட்டினார். மறுபடியும் பாதியில் நின்றது.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்கள் அப்படித்தான். வேறொருவராக இருந்தால் மெஷினைத் திட்டிவிட்டுப் போயிருப்பார். டேவிடனுக்கோ வேறு யோசனை: மெஷின் நிற்பதற்குள் கணக்கை முடிக்க ஒரு குறுக்குவழி இருக்காதா?

அது, பல எண்களை மாற்றி மாற்றிப் பார்த்து, விடை மிகக் குறைவாக வரும் இடத்தைத் தேடும் கணக்கு. ‘ஆப்டிமைசேஷன்’ என்பார்கள். அடர்ந்த பனிமூட்டத்தில் மலையிலிருந்து இறங்கிப் பள்ளத்தாக்கின் அடியைத் தேடுவது போன்றது இது. கண்ணுக்கு எதுவும் தெரியாது. காலடியில் சரிவு மட்டும்தான் தெரியும்.

டேவிடன் அதுவரை பயன்படுத்திய முறையில், ஒரு நேரத்தில் ஒரு எண்ணைத்தான் மாற்ற முடியும். கொஞ்சம் கிழக்கே, பிறகு கொஞ்சம் தெற்கே, மீண்டும் கிழக்கே என்று நடப்பதற்குச் சமம். போய்ச் சேர நேரமாகும். நியூட்டன் வழியில் வந்த இன்னொரு முறை வேகமானது. ஆனால், அதற்குச் சரிவு மட்டும் போதாது. நிலம் எப்படி வளைகிறது என்பதையும் ஒவ்வோர் அடியிலும் அளக்க வேண்டும். 100 எண்கள் கொண்ட கணக்கு என்றால், ஒவ்வோர் அடிக்கும் 5,050 வளைவு அளவுகள்!

டேவிடன் வளைவை அளக்கவே இல்லை. போன அடியில் சரிவு எப்படி இருந்தது, இந்த அடியில் எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டார். அந்த வித்தியாசமே வளைவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறது. அதை ஓர் அட்டவணையில் குறித்து, அடிக்கு அடி திருத்திக்கொண்டே போனால் பாதை தானாகத் தெளிவாகிறது. அதாவது, நடந்து வந்த வழியை மறக்காத முறை.

1959-ல் இதை ஆய்வுக்கூட அறிக்கையாக எழுதினார். கட்டுரையாக வெளியிடவும் முயன்றார். ஏற்கப்படவில்லை. அறிக்கை அறிக்கையாகவே நின்றுவிட்டது.

ஆனால் அதன் பிரதி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. ரோஜர் ஃபிளெச்சர், மைக்கேல் பவல் என்ற இருவர் அதைச் சோதித்து, மெருகேற்றி, 1963-ல் வெளியிட்டார்கள். பழக்கத்தில் இருந்த முறைகளைவிட இது எவ்வளவோ வேகமானது என்பது தெரியவந்தது. இன்றும் அதன் பெயர் ‘டேவிடன்-ஃபிளெச்சர்-பவல்’ முறை. ஏற்கப்படாத கட்டுரைக்காரரின் பெயர்தான் முதலில்!

இதற்குள் டேவிடன் பென்சில்வேனியாவில் உள்ள ஹேவர்ஃபோர்டு கல்லூரியில் பேராசிரியராகிவிட்டார். முதலில் இயற்பியல், பிறகு கணிதம். 1975-லும் 1980-லும் இதே துறையில் புதிய முறைகளை எழுதினார்.

நடுவில் யாருக்கும் தெரியாத இன்னொரு வேலையும் செய்தார். வியட்நாம் போரை எதிர்த்தவர்களை எஃப்.பி.ஐ. ரகசியமாக உளவு பார்க்கிறது என்ற சந்தேகம் அவருக்கு இருந்தது. 1971 மார்ச் 8 இரவு, மீடியா என்ற சிற்றூரில் இருந்த எஃப்.பி.ஐ. அலுவலகத்துக்குள் 8 பேர் கொண்ட குழு ஒன்று புகுந்து கோப்புகளை அள்ளிச் சென்றது. தலைமை தாங்கியவர் டேவிடன். கோப்புகள் பத்திரிகைகளுக்குப் போயின, உளவு அம்பலமானது. யாரும் பிடிபடவில்லை. 2013 நவம்பரில் அவர் இறந்த பிறகு, 2014 ஜனவரியில் வெளிவந்த ஒரு புத்தகம்தான் அவர் பெயரை ஊரறியச் சொன்னது. ஏறக்குறைய 43 வருட ரகசியம்!

கட்டுரை அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. ஆப்டிமைசேஷனுக்கென்றே 1991-ல் ஒரு புதிய ஆய்விதழ் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. அதன் முதல் இதழில் டேவிடனின் 1959 அறிக்கை, அவரது புதிய முன்னுரையோடு அச்சானது. 32 வருடம் கழித்து!

அதற்குள் அந்த முறைக்குப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிறந்துவிட்டன. 1970-ல் 4 ஆய்வாளர்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்த மேம்பட்ட வடிவம்தான் இன்று அதிகம் புழங்குகிறது. வானிலைக் கணிப்பு, மெஷின் லேர்னிங் என்று எங்கெங்கோ அந்தக் குடும்பத்து அல்காரிதம்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

டேவிடனை அன்று படுத்திய கம்ப்யூட்டர் எந்த மூலையில் துருப்பிடித்ததோ! அது பாதியில் நின்றதால் பிறந்த கணக்கு மட்டும் இன்னும் நிற்கவில்லை.