தெரியாமல் செய்தால் நாலு, தெரிந்தே செய்தால் ரெண்டு!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கோல்ஃப் மட்டையைக் கையால் தொட்டதுகூட இல்லை. டி.வி.யில் பார்ப்பதோடு சரி. ஆனாலும் இந்த விஷயத்தில் வாய் திறக்க எனக்கு ஒரு தகுதி இருக்கிறது. நான் பி.காம். அது எப்படித் தகுதியாகும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. குறைந்த ஸ்ட்ரோக்கில் பந்தைக் குழியில் போடுகிறவர் ஜெயிப்பார். தப்பு செய்தால் அபராதமாக ஸ்ட்ரோக்கைக் கூட்டிவிடுவார்கள். அவ்வளவுதான்.

2017 ஏப்ரல், கலிஃபோர்னியா. பெண்களுக்கான பெரிய போட்டிகளில் ஒன்றான ஏ.என்.ஏ. இன்ஸ்பிரேஷன். சனிக்கிழமை 17-வது குழிக்குப் பக்கத்தில் லெக்ஸி தாம்சன் பந்தை எடுத்துத் திரும்ப வைக்கிறார். குழிக்கு ஒரு முழம்கூட இல்லை. வைத்த இடம் சுமார் ஒரு அங்குலம் தள்ளிப்போய்விட்டது. அவரும் கவனிக்கவில்லை, கூட இருந்தவர்களும் கவனிக்கவில்லை. டி.வி.யில் பார்த்த யாரோ ஒரு நேயர் மறுநாள் ஈ-மெயில் தட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை, கடைசிச் சுற்றில் 12 குழிகள் முடித்து முன்னணியில் நடந்துகொண்டிருந்த பெண்ணை நிறுத்தி, நாலு ஸ்ட்ரோக் அபராதம் என்றார்கள். தப்பான இடத்தில் வைத்ததற்கு 2. அந்த ரெண்டைச் சேர்க்காமல் ஸ்கோர் அட்டையில் கையெழுத்துப் போட்டதற்கு இன்னொரு 2! கையெழுத்துப் போட்டபோது அப்படி ஓர் அபராதமே உலகத்தில் இல்லையே அய்யா! பாவம், கண்ணீரைத் துடைத்துக்கொண்டு ஆடி, சமன் செய்து, பிளே-ஆஃபில் தென் கொரியாவின் ரியூ சோ யோனிடம் தோற்றார்.

அடுத்த வருஷம், 2018 ஜூன். நியூயார்க் மாநிலத்தில் ஷின்னகாக் ஹில்ஸ், யு.எஸ். ஓப்பன். ஃபில் மிக்கல்சனுக்கு அன்று 48-வது பிறந்தநாள். 13-வது குழியில் அவர் தட்டிய பந்து குழியைத் தாண்டிச் சரிவில் ஓடுகிறது. மனிதர் பின்னாலேயே ஓடிப்போய், ஓடிக்கொண்டிருந்த பந்தைத் திருப்பி அடித்தார்! கேட்டதற்கு ஒளிவுமறைவே இல்லை. வேண்டுமென்றுதான் செய்தேன், ரெண்டு ஸ்ட்ரோக் போகும் என்று தெரியும், கீழே போய்த் திரும்ப ஆடுவதைவிட இது லாபம் என்று விளக்கம் வேறு சொன்னார். அபராதம்? அவர் போட்ட கணக்குப்படியே ரெண்டு. பிற்பாடு மன்னிப்புக் கேட்டார், அது வேறு கதை.

தெரியாமல் ஒரு அங்குலம் நகர்த்தியவருக்கு நாலு. தெரிந்தே ஆட்டத்தைக் கேலிக்கூத்தாக்கியவருக்கு ரெண்டு. இது என்ன நியாயம்?

விதிகளை எழுதும் ஆர் அண்ட் ஏ, யு.எஸ்.ஜி.ஏ. இரண்டுக்கும் வக்காலத்து வாங்குகிறவர்கள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். 'ஆட்டக்காரர் மனசுக்குள் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்? என்ன நடந்தது என்பதைத்தான் பார்க்க முடியும்.' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் புத்தகமே அப்படிச் சொல்லவில்லை. ஸ்ட்ரோக் என்பதற்கே என்ன இலக்கணம்? பந்தை அடிக்கும் நோக்கத்தோடு மட்டையை வீசுவது. 2019 மாஸ்டர்ஸ் போட்டியில் 13-வது குழியின் தொடக்கத்தில் ஸாக் ஜான்சன் சும்மா ஒத்திகைக்கு மட்டையை வீச, அது பந்தில் பட்டுத் தெறித்தது. அபராதம் கிடையாது, திரும்ப வைத்து ஆடு என்றார்கள். சரியான தீர்ப்பு. அங்கே மட்டும் மனசுக்குள் எட்டிப் பார்க்க முடிந்ததாக்கும்?

'அப்படியானால் எல்லாரும் தெரியாமல்தான் செய்தேன் என்பார்களே?' என்று நீங்கள் கேட்கலாம். கோல்ஃப்காரர்கள் எதைச் சொல்லிப் பெருமைப்படுகிறார்கள்? எங்கள் ஆட்டத்தில் தன் தப்பைத் தானே சொல்வான் என்றுதானே! 1925 யு.எஸ். ஓப்பனில் பாபி ஜோன்ஸ், வேறு யாரும் பார்க்காதபோது, என் பந்து நகர்ந்தது என்று தானே சொல்லி ஒரு ஸ்ட்ரோக் அபராதம் வாங்கிக்கொண்டார். கடைசியில் சமனாகி, பிளே-ஆஃபில் தோற்றார். தப்பு நடந்தது என்று அவன் சொன்னால் நம்புவீர்கள், தெரியாமல் நடந்தது என்று அவனே சொன்னால் நம்பமாட்டீர்களா?

இப்போது பி.காம். விஷயம். ஆடிட்டிங் வகுப்பில் ஆரம்பத்திலேயே சொல்லித் தருவது, பிழை வேறு, மோசடி வேறு. பற்று வைக்க வேண்டியதை வரவில் எழுதிவிட்டால் திருத்தப் பதிவு போடுவார்கள். பணத்தை எடுத்தவனுக்குத்தான் போலீஸ். கணக்கப்பிள்ளைக்கும் கைதிக்கும் வித்தியாசம் தெரியாத ஆடிட்டரை எந்தக் கம்பெனியும் வைத்துக்கொள்ளாது. பந்து குளத்தில் விழுந்தால் ஒன்றைக் கூட்டுங்கள், அங்கே நோக்கம் பற்றிப் பேச்சே இல்லை. தப்பால் ஆதாயம் கிடைத்திருந்தால் கழித்துவிடுங்கள், அதுவும் சரி. ஆனால் அதற்கு மேல் தண்டனை என்று ஒன்று போடும்போது, தெரிந்து செய்தானா என்று கேட்டே ஆக வேண்டும்.

கிரெய்க் ஸ்டாட்லர் கதையைக் கேளுங்கள். 1987, சான் டியாகோவின் டோரி பைன்ஸ் மைதானம். மரத்தடியில் மண்டியிட்டு அடிக்க வேண்டியிருந்தது. பேன்ட்டில் ஈரம் படாமலிருக்கத் துண்டை விரித்து அதன்மேல் மண்டியிட்டார். நிற்கும் இடத்தைச் செயற்கையாக உயர்த்திக்கொண்டாராம்! இதுவும் டி.வி. நேயர்கள் கண்டுபிடித்ததுதான். 2 ஸ்ட்ரோக் சேர்க்காமல் கையெழுத்துப் போட்டதால், இரண்டாம் இடத்துக்குச் சமமாக முடித்தவரைப் போட்டியிலிருந்தே தூக்கிவிட்டார்கள். அதே துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு மண்டியிட்டிருந்தால் குற்றமில்லை. நம்மூர் ஆளாக இருந்தால் வேட்டியோடு போய்த் தப்பித்திருப்பார்!

மாறவே இல்லை என்று சொல்லமாட்டேன். 2016 யு.எஸ். ஓப்பனில் டஸ்டின் ஜான்சனின் பந்து இம்மியளவு நகர்ந்ததற்கு அபராதம் போட்டு வாங்கிக்கட்டிக்கொண்ட பிறகு, கிரீனில் தற்செயலாக நகர்ந்தால் தண்டனை இல்லை என்றார்கள். தாம்சன் விவகாரத்துக்குப் பிறகு, தெரியாமல் போட்ட கையெழுத்துக்கான அந்தக் கூடுதல் 2-ஐ 2018-லிருந்து எடுத்தார்கள். நேயர்களின் புகாரைப் பெரிய போட்டிகளில் வாங்குவதில்லை என்றும் முடிவு செய்தார்கள். ஆக, நோக்கத்தைக் கணக்கில் எடுக்கலாம் என்பது அவர்களுக்கே தெரியும். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் அழ வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

மிக்கல்சன் பக்கம் மட்டும் கதவு அப்படியே இருக்கிறது. ஓடும் பந்தை வேண்டுமென்றே அடித்தால் இன்றைக்கும் அபராதம் அதே ரெண்டு. மிக மோசமான நடத்தை என்று போட்டிக் குழு கருதினால் வெளியேற்றலாமாம். கருதுவார்களா, மாட்டார்களா என்பது அடித்தவரின் நட்சத்திர அந்தஸ்தைப் பொறுத்தது என்று நான் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும். புத்தகத்தில் அந்த ரெண்டை மாற்றி எழுதிவிட்டு வந்து கோபித்துக்கொள்ளட்டும்.