கைப்பிடிச் சுவர் எழுப்பினோமா?

புது வீடு கட்டி முடித்ததும் நாம் பங்குத்தந்தையை அழைக்கிறோம். அவர் செபித்து, தீர்த்தம் தெளித்து, அறை அறையாகச் சென்று வீட்டை மந்திரிக்கிறார். இயேசுவின் திரு இருதயப் படத்தைக் கூடத்தில் மாட்டுகிறோம். உற்றார் உறவினருக்கு விருந்து வைக்கிறோம். எல்லாம் நல்லதே. ஆனால் புது வீடு கட்டுகிறவர்களுக்கு என்றே விவிலியம் சொல்லும் அறிவுரை ஒன்று இருப்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பாமல் விட்டு, அங்கிருந்து எவரேனும் விழுந்து இறந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்று இணைச்சட்ட நூல் எச்சரிக்கிறது (இச 22:8). இது பலியையோ நோன்பையோ பற்றிய சட்டமல்ல. கொத்தனார் வேலையைப் பற்றிய சட்டம்! ஆயினும் அதுவும் இறைவார்த்தையே. உழவர்கரையில் வாழும் நாம் இந்த வசனத்தை எளிதில் கடந்து போய்விட முடியாது.

ஒரு ஜூன் மாதக் காலை

2024-ஆம் ஆண்டு ஜூன் 11. நம் நகராட்சிக்கு உட்பட்ட ரெட்டியார்பாளையம் புதுநகரில், பாதாளச் சாக்கடையில் உருவான நச்சு வாயு வீட்டுக் கழிவறைகளுக்குள் புகுந்தது. கழிவறைக்குச் சென்ற மூதாட்டி ஒருவர் மயங்கி விழுந்தார். அவரைத் தூக்க ஓடிய மகளும் விழுந்தார். அதே பகுதியில் வேறொரு வீட்டில் 15 வயதுச் சிறுமி ஒருத்தியும் விழுந்தாள். மூவரும் இறந்தனர். அக்கம்பக்கத்தார் வீடுகளை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அமைச்சர்களும் அதிகாரிகளும் வந்து பார்த்தனர். அரசு இழப்பீடு அறிவித்தது.

வில்லியனூர் மாதா திருவிழாவுக்குப் புதுவையிலிருந்து போகும் நாம் ரெட்டியார்பாளையம் வழியாகத்தான் போகிறோம். அந்த மூவரின் சாவு எங்கோ தொலைவில் நடந்த செய்தியல்ல. நாம் செபமாலை சொல்லிக்கொண்டு நடக்கும் வழியில் நடந்தது.

பழி யார்மேல்?

இப்படி ஒன்று நடந்தால் உடனே எழும் கேள்வி, யார் குற்றவாளி என்பதுதான். அரசு என்பர் சிலர். சரியாகக் குழாய் பொருத்தாத வீட்டுக்காரர் என்பர் வேறு சிலர். விவிலியம் இக்கேள்வியை இன்னும் ஆழமாக அணுகுகிறது. குழியைத் திறந்து மூடாமல் விட்டவன், அதில் விழுந்து சாகும் மாட்டுக்கு ஈடு கொடுக்க வேண்டும் (விப 21:33-34). முட்டும் மாடு என்று முன்னரே எச்சரிக்கப்பட்டும் அதைக் கட்டி வைக்காதவனின் குற்றம் அதைவிடப் பெரிது (விப 21:29). தீங்கு செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவனுக்கு இல்லை. தெரிந்தும் சும்மா இருந்தான். அதுவே குற்றம்!

ஞாயிறு திருப்பலியின் தொடக்கத்தில் கடமையில் தவறியதையும் பாவமென்று அறிக்கையிட்டு நாம் மார்பில் தட்டிக்கொள்கிறோம். அப்போது நம் நினைவுக்கு வருபவை எவை? விட்டுப்போன செபமும் கொடுக்காத காணிக்கையும் மட்டும்தானா? மூடாத குழியும், புகார் செய்யாத கசிவும் அந்தக் கணக்கில் வர வேண்டாமா?

இதில் பொது வாழ்வின் குறையும் உண்டு. புதுச்சேரியில் 1968-க்குப் பின் 38 ஆண்டுகள் கழித்து 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. 2024-இல் மூவர் இறந்தபோது, தெருவில் நாற்றம் வருகிறது என்று போய்ச் சொல்ல உழவர்கரையில் தேர்ந்தெடுக்கப்பட்ட வார்டு உறுப்பினர் எவரும் இல்லை. உள்ளாட்சித் தேர்தலைக் கேட்பது கட்சி அரசியல் அல்ல. அதுவும் ஊருக்குக் கைப்பிடிச் சுவர் கேட்பதுதான்.

மரத்துப்போகும் மூக்கு

சாக்கடையில் உருவாகும் வாயுக்களில் மிகக் கொடியது ஹைட்ரஜன் சல்பைடு. அது காற்றைவிடக் கனமானது. தாழ்ந்த இடத்தில் தங்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது என்று நாம் நினைப்போம். ஆபத்தோ அப்போதுதான் உச்சத்தில் இருக்கும்.

நம் மனச்சான்றும் இப்படித்தானே? தெருவில் கழிவுநீர் ஓடும் முதல் நாள் முகம் சுளிக்கிறோம். பத்தாம் நாள் தாண்டிப் போகப் பழகிவிடுகிறோம். செல்வரின் வாயிலருகே கிடந்த இலாசரை அச்செல்வர் விரட்டியதாக நற்செய்தி கூறவில்லை (லூக் 16:19-21). பார்த்துப் பார்த்து அவருக்குப் பழகிவிட்டது!

தாயைத் தூக்க ஓடிய அந்த மகளின் அன்பை நினைத்துப் பார்ப்போம். தன்னைப் பற்றி எண்ணாத அன்பு அது. ஆனால் அத்தகைய அன்பு உயிரோடு திரும்பி வர வேண்டுமானால் நாம் எல்லாரும் முன்கூட்டியே சிலவற்றைக் கற்றிருக்க வேண்டும். பிலிப்பியருக்காக மன்றாடும் பவுலடியார், அவர்களது அன்பு அறிவிலும் பகுத்துணர்விலும் வளர வேண்டும் என்றே கேட்கிறார் (பிலி 1:9).

கண்ணுக்குத் தெரியாத உறுப்புகள்

வீட்டுக்குள் வாயு வந்தாலே இந்த நிலை என்றால், அந்தக் குழிக்குள்ளேயே இறக்கப்படும் மனிதரின் நிலை என்ன? 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தடை செய்துள்ளது. இவ்வாறு இறப்பவரின் குடும்பத்திற்கு 30 இலட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் 2019 முதல் 2023 வரை ஐந்தாண்டுகளில் நாடெங்கும் 377 பேர் இறந்ததாக நாடாளுமன்றத்தில் அரசே தெரிவித்தது.

உடலில் வலுக்குறைந்தவையாகத் தோன்றும் உறுப்புகளே மிகத் தேவையானவை. மதிப்புக் குறைந்தவை எனக் கருதுபவற்றுக்கே அதிக மதிப்புத் தர வேண்டும் என்கிறார் பவுலடியார் (1 கொரி 12:22-23). பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கைப் பக்தியோடு பார்க்கும் நாம், செலவு குறையும் என்று செப்டிக் டேங்க்கில் ஓர் ஏழைத் தொழிலாளியை இறக்கினால், அந்தச் சடங்குக்கு என்ன பொருள்?

நாம் செய்யக்கூடியவை

முதலாவதாக, வீடு மந்திரிக்கும் நாளுக்கு முன் கழிவறைக் குழாயைப் பார்ப்போம். வளைவில் தண்ணீர் தேங்கி நிற்கும் அமைப்பு இருக்கிறதா? அந்தச் சிறிதளவு தண்ணீர்தான் சாக்கடை வாயுவைத் தடுக்கும் கதவு. வாயு வெளியேற உயரமான குழாய் உண்டா? துணியையும் பிளாஸ்டிக்கையும் சாக்கடையில் போடாதிருப்போம். பாளையத்துக்கு வெளியே குழி தோண்டிக் கழிவை மூட வேண்டும் என்ற கட்டளையும் விவிலியத்தில் உண்டு (இச 23:12-14). ஆண்டவர் தம் மக்கள் நடுவே நடமாடுகிறார் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம்.

இரண்டாவதாக, அன்பியக் கூட்டங்களில் ஒரு நாளை இதற்கென ஒதுக்குவோம். யாராவது மயங்கி விழுந்தால் உள்ளே ஓடாமல், கதவு சன்னல்களைத் திறந்து, 108-ஐயும் தீயணைப்புத் துறையையும் அழைக்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போம்.

மூன்றாவதாக, நாற்றமோ கசிவோ கண்டால் இந்து, இசுலாமியச் சகோதரர்களோடு சேர்ந்து எழுத்தில் மனுக் கொடுப்போம். குழாய் எல்லார் வீட்டுக்கும் ஒன்றுதான். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 48 செ.மீ. மழையைக் கொட்டியபோது வெள்ளமும் மதம் பார்த்து வரவில்லை.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்ற திருமடலில், சுற்றுச்சூழல் நெருக்கடியும் சமூக நெருக்கடியும் வெவ்வேறானவை அல்ல, ஒன்றே என்று கற்பித்தார் (எண் 139). நம் தெருச் சாக்கடை அதற்குச் சான்று.

தம்பி எங்கே என்று ஆண்டவர் காயினிடம் கேட்டார். நம்மிடம் அவர், பக்கத்து வீட்டு மூதாட்டி எங்கே, பள்ளிக்குப் போன அந்தச் சிறுமி எங்கே என்று கேட்கக்கூடும். பதில் சொல்லத்தக்கவர்களாய் வாழ, நம் வீட்டுக்கும் தெருவுக்கும் இன்றே கைப்பிடிச் சுவர் எழுப்புவோம். இறைவன் நம் முயற்சிகளை ஆசீர்வதிப்பாராக!