லாப்டாப் செத்துவிட்டதா?

சர்க்கார் கொடுத்த லாப்டாப் இனி எதற்கும் உதவாது, புதிதுதான் வாங்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார், இது வாஸ்தவந்தானா என்று போடி, சின்னமனூர், கம்பம் பக்கத்துத் தோழர்கள் பலர் சில மாதங்களாகக் கேட்டு வருகிறார்கள். வாஸ்தவமல்ல என்பதே நமது பதில். செத்தது யந்திரமல்ல. யந்திரத்திற்குள் இருக்கும் ஒரு கம்பெனிச் சரக்குக்கு அந்தக் கம்பெனி குறித்த தவணைதான் முடிந்தது.

கணிப்பொறி எதுவானாலும் அதன் திரை, விசைப்பலகை, தகடு எல்லாவற்றையும் வேலை வாங்க ஒரு மூல சாஃப்ட்வேர் வேண்டும். அதற்கு இயங்குதளம் என்று பெயர். நம் ஊர்களில் அநேகருக்குத் தெரிந்தது மைக்ரோசாஃப்ட் கம்பெனியின் விண்டோஸ் ஒன்றுதான். அந்தக் கம்பெனி விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும், 8.1க்கு 2023 ஜனவரியிலும், 10க்கு 2025 அக்டோபர் 14ந் தேதியிலும் ஆதரவை நிறுத்திக் கொண்டது. பதிவு செய்து கொள்பவர்களுக்கு மட்டும் பத்தாம் பதிப்புக்கு 2026 அக்டோபர் வரை தவணை கொடுத்தது. அடுத்த பதிப்பான 11க்குப் போகலாமென்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் புதிய பிராசசரும் வேண்டுமாம். ஏறத்தாழ 2018க்கு முந்திய யந்திரங்களில் பெரும்பாலானவை இதில் தேறுவதில்லை. ஆகவே 2011 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்ட லாப்டாப்புகளில் பெரும்பகுதி, திரையும் விசையும் நன்றாயிருக்கும்போதே பரணுக்குப் போகின்றன.

விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக் கொண்டு மலையேறி ஏலத்தோட்டத்தில் கூலி செய்கிற ஒரு தாய், மகளின் படிப்புக்காக முப்பது நாற்பதாயிரம் ரூபாய்க்குப் புது லாப்டாப் வாங்க வேண்டுமென்றால், அது எத்தனை மாதக் கூலி? வட்டிக்கு வாங்கித்தானே தீர வேண்டும்? இல்லாவிட்டால் சில நூறு ரூபாய்க்குக் கடையில் போட்டுத் தருகிற திருட்டுப் பிரதி. அதனோடு வைரஸும் வந்து சேரும். இந்த இரண்டைத் தவிர மூன்றாவது வழி இருக்கிறது என்பதை யாரும் அவளுக்குச் சொல்லுவதில்லை.

அந்த மூன்றாவது வழிக்குப் பெயர் லினக்ஸ். 1983ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், எவரும் ஓட்டவும், உள்ளே எப்படி எழுதப்பட்டிருக்கிறதென்று படிக்கவும், திருத்தவும், பிறருக்குக் கொடுக்கவும் உரிமையுள்ள ஒரு இயங்குதளம் செய்யப் போவதாக அறிவித்தார். 1991ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் அதற்கு வேண்டிய உயிர்ப் பகுதியை எழுதினார். பின்பு உலகெங்கும் பல்லாயிரவர் எழுதிச் சேர்த்தார்கள். இங்கிலீஷில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே வார்த்தையாயிருப்பதால் அவர்கள் இன்றைக்கும் விளக்கம் சொல்லிக் கொண்டிருக்கிறார்கள். நமக்கு அந்தச் சங்கடமில்லை. இது காசில்லாமல் கிடைப்பது இரண்டாம் பட்சம்; திறந்து பார்க்க உரிமை இருப்பதே முதல் விஷயம். இன்ன ஜாதியான் படிக்கக் கூடாது, கேட்கக் கூடாது என்று பூட்டி வைத்த புஸ்தகங்களால் நாம் பட்ட பாடு நமக்குத் தெரியாததா?

"லினக்ஸ் கஷ்டம், அது என்ஜினீயர்களுக்குத்தான்" என்பார்கள். இதைச் சொல்லுகிறவர்களில் எத்தனை பேர் ஒரு நாளாவது அதைத் தொட்டுப் பார்த்தவர்கள்? சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடியில் ஓடுவது லினக்ஸ்தான். உலகத்தின் மிகப் பெரிய 500 கணிப்பொறிகளும் 2017 முதல் லினக்ஸிலேயே ஓடுகின்றன. 1935ல் குடி அரசு சீர்திருத்த எழுத்தில் அச்சான போதும், இதை யார் படிக்க முடியும் என்று கேட்டவர்கள் உண்டு. 1978ல் சர்க்காரே அதை ஏற்றது. இன்று பள்ளிப் பிள்ளைக்கு அது ஒன்றுதான் தெரியும்.

மேலும், இதற்குச் சாட்சி தேட நாம் அமெரிக்கா போக வேண்டியதில்லை. கூடலூர் தாண்டி, லோயர் கேம்பில் மலையேறினால் குமுளி. அங்கே தொடங்குகிற கேரளத்தின் சர்க்கார் பள்ளிகளில் பிள்ளைகள் லினக்ஸில்தான் படிக்கிறார்கள். 2001ல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் என்ற திட்டம், இப்போது கைட் என்ற சர்க்கார் நிறுவனமாக நடந்து வருகிறது. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கணிப்பொறிகளில் இதனால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019ல் அந்த நிறுவனம் கணக்குச் சொல்லிற்று. பெரியாற்றுத் தண்ணீருக்கு அவர்களோடு எத்தனையோ வருஷமாக வழக்காடுகிறோம். இதை ஒரு வழக்குமில்லாமல் எடுத்துக் கொள்ளலாமே!

நம் சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டோம். 2006, 2007லேயே எல்காட் நிறுவனம் லினக்ஸுக்கு மாறிற்று. சென்னை சி-டாக் செய்த பாஸ் லினக்ஸ், இலவச லாப்டாப்புகள் பலவற்றில் விண்டோஸோடு சேர்த்தே வந்தது. ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் ஆசிரியருக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பாடப்புஸ்தகத்தை மாற்றினார்கள், பரீட்சையையும் அதிலேயே வைத்தார்கள். இங்கே யந்திரத்தைக் கொடுத்ததோடு சரி. திரையில் வந்த இரண்டாவது பெயர் என்னவென்றே தெரியாமல் பிள்ளைகள் முதல் பெயரைத் தட்டினார்கள். கடைக்காரர் இடம் அடைக்கிறதென்று அதை அழித்துக் கொடுத்தார்.

இனிச் செய்ய வேண்டிய காரியம். புதிதாக வருகிறவர்களுக்கு லினக்ஸ் மிண்ட் நல்லது. நினைவகம் 2 ஜிபி மட்டுமே உள்ள பழைய யந்திரமானால் அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய பதிப்பை எடுங்கள். ஏறக்குறைய 3 ஜிபி அளவு இறக்க வேண்டியிருக்கும். அதை பென் டிரைவில் வெறுமனே காப்பி செய்தால் ஓடாது. எச்சர், வென்டாய் போன்ற கருவியால் எழுத வேண்டும். அப்போது பென் டிரைவில் முன்பிருந்தது அழியும். பிறகு லாப்டாப்பைப் போடும்போதே எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப் விசையை (கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும்) தட்டி, பென் டிரைவிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். உங்கள் தகட்டில் ஒன்றும் மாறாமல் லினக்ஸ் ஓடும். வைஃபை கிடைக்கிறதா, சத்தம் வருகிறதா, பிரிண்டர் எடுக்கிறதா என்று இரண்டு நாள் பாருங்கள். அப்போது சற்று மெதுவாக ஓடும். அது பென் டிரைவின் மெதுவே. பிடிக்காவிட்டால் பிடுங்கி விடுங்கள், பழையபடி விண்டோஸ் வரும். எதையும் சோதித்துப் பார்த்து ஏற்கச் சொல்லுகிற நமக்கு இதைவிடச் சௌகரியமான சோதனை வேறு ஏது?

பிடித்தால் மட்டும் நிரந்தரமாகப் போடுங்கள். அதற்கு முன் போட்டோ, சான்றிதழ் எல்லாவற்றையும் வேறிடத்தில் பிரதி எடுங்கள். போடும்போது "விண்டோஸோடு சேர்த்து" என்றும் "தகட்டை முழுதும் அழித்து" என்றும் இரண்டு கேள்வி வரும். வாசிக்காமல் தட்டினால் பிள்ளையின் பத்து வருஷப் படங்களும் போய்விடும்.

எல்லோரும் உடனே மாறுங்கள் என்று நாம் சொல்லவில்லை. டேலியில் கணக்கெழுதும் மண்டிக்காரர், ஃபோட்டோஷாப், கோரல்டிராவில் ஃபிளெக்ஸ் அடிக்கிறவர் தொழில் யந்திரத்தில் கை வைக்க வேண்டாம். அவை லினக்ஸில் நேராக ஓடாது. சில லேசர் பிரிண்டர்களும் மல்லுக்கு நிற்கும். ஆனால் விண்ணப்பம் போட, பாடம் கேட்க, கடிதம் எழுத, கணக்குப் போட ஃபயர்ஃபாக்ஸும் லிப்ரே ஆஃபீஸும் தாராளமாய்ப் போதும். 1999ல் சர்க்கார் ஒப்புக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையும் இதில் உண்டு. வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த காகிதங்களை மட்டும் யூனிகோடுக்கு மாற்றிக் கொள்ள வேண்டும். தமிழிலேயே படித்துத் தெரிந்து கொள்ள 2012 முதல் கணியம் என்ற மின்னிதழ் இருக்கிறது.

கடை வைத்திருக்கும் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. லினக்ஸ் போட்டுக் கொடுத்து அதற்குக் கூலி வாங்குவதை அதன் உரிமப் பத்திரம் தடுப்பதில்லை. தாராளமாய் வாங்குங்கள். பென் டிரைவ் ஒன்றைத் தயாராக வைத்திருந்து, பழைய லாப்டாப்போடு வருகிறவருக்கு முதலில் அதைச் செருகி ஓட்டிக் காட்டுங்கள். புதிது வாங்குவதா வேண்டாமா என்பதை அவர் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.