ஒரு சென்சாரை நம்பிய விமானம்

"சென்சார் கோளாறு." போயிங் 737 மேக்ஸ் விபத்துகளைப் பற்றிப் பேச்சு வந்தால் பலரும் இந்த இரண்டு வார்த்தையோடு முடித்துக்கொள்கிறார்கள். சிலர் ஒரு படி மேலே போய், "பைலட்டுக்குச் சமாளிக்கத் தெரியவில்லை" என்கிறார்கள். இரண்டுமே கம்பெனியைத் தப்பவிடும் பேச்சு.

2018 அக்டோபர் 29, ஜகார்த்தாவில் கிளம்பிய லயன் ஏர் விமானம் கடலில் விழுந்தது. 189 பேர். 2019 மார்ச் 10, அடிஸ் அபாபாவில் கிளம்பிய எத்தியோப்பியன் விமானம் தரையில் மோதியது. 157 பேர். மொத்தம் 346 உயிர்கள்.

விமானத்தின் மூக்குக்கு இரண்டு பக்கமும் சின்னத் தகடு போல ஒரு சென்சார் இருக்கும். எதிர்க்காற்றுக்கு விமானம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று சொல்வது அதன் வேலை. மேக்ஸில் பெரிய எஞ்சினை முன்னால் தள்ளிப் பொருத்தியதால் சில நேரம் மூக்கு அளவுக்கு மேல் தூக்கும். அதைச் சரிக்கட்டத்தான் எம்காஸ் என்ற மென்பொருள். கோணம் அதிகம் என்று சென்சார் சொன்னால், அது தானாகவே மூக்கைக் கீழே தள்ளும்.

சென்சார் இரண்டு. எம்காஸ் கேட்டதோ ஒன்றை மட்டும்! லயன் ஏர் விமானத்தில் அந்த ஒன்று சுமார் 21 டிகிரி தப்பாகச் சொன்னது. பைலட் தூக்கத் தூக்க மென்பொருள் கீழே தள்ளியது. அப்படி ஒரு மென்பொருள் இருப்பதே அவர்களுடைய கையேட்டில் இல்லை.

சென்சார் என்றால் கெட்டுப்போகத்தான் செய்யும். பறவை மோதும், பனி உறையும், மெக்கானிக் தவறு செய்வார். சாதாரணக் கடைக்காரர்கூட கேஷ் புக்கையும் பேங்க் பாஸ்புக்கையும் ஒத்துப் பார்க்கிறார். விமானம் செய்கிறவர்களுக்கு அது தோன்றவில்லையா?

இரண்டு சென்சாரும் முரண்பட்டால் பைலட்டுக்குச் சொல்ல ஓர் எச்சரிக்கை இருந்தது. ஆனால் தனியாகக் காசு கொடுத்து இன்னொரு வசதியை வாங்கிய விமானங்களில்தான் அது வேலை செய்தது. 2017லேயே போயிங்குக்கு இது தெரியும். விழுந்த இரண்டு விமானங்களிலும் அது வேலை செய்யவில்லை.

காரணம் செலவு. புது மாடலுக்கு பைலட்டுகளை சிமுலேட்டரில் பயிற்றுவிக்க வேண்டி வந்தால் விமானத்துக்கு 10 லட்சம் டாலர் தள்ளுபடி என்று சவுத்வெஸ்ட் நிறுவனத்துக்கு போயிங் வாக்குக் கொடுத்திருந்தது. புதிதாக ஏதோ இருக்கிறது என்று சொன்னாலே நஷ்டம். பிறகு யார் சொல்வார்கள்?

"சுவிட்சை அணைத்திருக்கலாமே" என்பார்கள். எத்தியோப்பிய பைலட்டுகள் அணைத்தார்கள் ஐயா! அந்த வேகத்தில் கையால் சக்கரத்தைத் திருப்ப முடியவில்லை. லயன் ஏரின் பராமரிப்பில் ஓட்டை இருந்தது உண்மை. ஆனால் ஒரே ஒரு கருவி கெட்டதும் விமானமே விழும்படி வடிவமைத்தது யார்?

2021ல் போயிங் ஒப்புக்கொண்ட தொகை 250 கோடி டாலருக்கும் மேல். அதில் 177 கோடி விமான நிறுவனங்களுக்கு, 50 கோடி இறந்தவர்களின் குடும்பங்களுக்கு. வாடிக்கையாளருக்கு முதல் பந்தி, பயணிக்குக் கடைசிப் பந்தி.

இப்போது எம்காஸ் இரண்டு சென்சாரையும் ஒப்பிடுகிறது, முரண்பட்டால் தலையிடாமல் ஒதுங்கிவிடுகிறது. திருத்தங்களில் முக்கியமானது இது. இதை முதலிலேயே செய்திருந்தால் 346 பேரும் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். கோளாறு சென்சாரில் இல்லை, கணக்குப் போட்டவர்களிடம்.