ஒரு நில அளவையாளர் எழுப்பிய தேவாலயம்

பின்னேரங்களில் முற்றவெளிப் பக்கம் காற்று வாங்கப் போகிறவர்கள் யாழ்ப்பாணக் கோட்டையின் மதிலில் ஏறிப் பண்ணைக் கடலைப் பார்த்து நிற்பதை நாம் காண்கின்றோம். கடலைக் காண்போர் பலர். தம் காலடியிலுள்ள மதிலைக் காண்போர் மிகச் சிலர். அம்மதிலுக்கு உட்புறத்தே சுவரடியும் கற்குவையுமாய்க் கிடக்கும் ஓரிடத்தைக் காண்போர் அவரினும் சிலர். இக்கிழமை அக்கற்குவையைப் பற்றியே எழுத எண்ணினோம்.

ஐரோப்பியக் கட்டடக்கலை வரலாற்றிலே பதினேழாம் நூற்றாண்டைப் 'பரோக்' காலம் என்பர். போர்த்துக்கேய மொழியில் 'பரோக்கோ' என்றால் வடிவம் பிசகிய முத்து. கலைக்கு அப்பெயர் அச்சொல்லிலிருந்தே வந்ததென்பது அறிஞர் பலர் கருத்து. மன்னார்ச் சலாபத்தை நெடுங்காலம் தம் கைக்குள் வைத்திருந்தவர்கள் அத்தகைய முத்துக்கென ஒரு தனிச்சொல் வைத்திருந்ததில் வியப்பில்லை. உரோமாபுரியில் பெர்னினி என்னும் பெருங்கலைஞர் புனித பேதுருவின் பேராலயத்து முன்றிலைத் தூண் வரிசைகளால் இரு கைகளைப்போல் அணைத்தார். அவருடைய போட்டியாளரான பொரோமினி சுவரையே அலைபோல் வளைத்தார். கண்டார் மயங்கவேண்டும் என்பதே அவர்தம் நோக்கம்.

அக்காலத்துக்கு வேறொரு முகமும் உண்டு, அது கோட்டைக்கலை. மயக்கம் அங்கே இல்லை; கேத்திரகணிதமே உண்டு. பெர்னினி இறந்த 1680 ஆம் ஆண்டளவிலேதான் யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் தம் ஐங்கோணக் கோட்டையைக் கட்டி நிறைவு செய்தனர். 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கவர்ந்த போர்த்துக்கேயர் கட்டியது நாற்கோணக் கோட்டை. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்த கல்லும் அதிலே சேர்ந்ததென்பது வழிவழியாக வரும் செய்தி. 1658 இல் மூன்று மாதத்துக்கு மேலாக முற்றுகையிட்டு அதனைப் பிடித்த ஒல்லாந்தர் நாற்கோணத்தை விடுத்து ஐங்கோணத்தை மேற்கொண்டனர். ஏன்? நாற்கோணத்தின் மூலை 90 பாகை. ஒழுங்கான ஐங்கோணத்தின் மூலை 108 பாகை. மூலை விரிய விரிய அதிலிருந்து முன்தள்ளும் கொத்தளமும் கூர்மை குறைந்து அகன்று, பீரங்கிக் குண்டைத் தாங்கும் வலிமை பெறுகிறது. ஒரு கொத்தளத்தின் முகத்தை அடுத்த கொத்தளத்தில் நிற்போர் சுட்டுக் காக்கலாம். பகைவன் ஒதுங்கி நிற்க ஒரு மறைவும் இல்லை. அந்த ஐந்து கொத்தளங்களுக்கும் ஒல்லாந்து, சீலாந்து, கெல்டர்லாந்து, உத்ரெக்ட், பிரீசுலாந்து எனத் தம் தாய்நாட்டு மாகாணங்களின் பெயர்களையே இட்டனர். கேத்திரகணிதம் படித்து என்ன பயன் என்று கேட்கும் மாணாக்கரை ஒருமுறை அங்கே அழைத்துச் சென்றால் போதும். ஆனால் வெளிமதில் வேலைகள் முழுவதும் முடிந்தது 1792 இல். மூன்றாண்டு கழித்து, 1795 இல், கோட்டை போரின்றி ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. இதை மாணாக்கர்க்குச் சொல்லுவதா விடுவதா என்பதைக் கணித ஆசிரியரே முடிவு செய்க!

நிற்க. கோட்டைக்குள்ளே 1706 இல் எழுந்தது சிலுவைத் தேவாலயம். அதைக் கட்டியவர் மார்த்தீனஸ் லூசகாம். ஒல்லாந்தக் கம்பனியின் தலைமை நில அளவையாளர். அவர் பதவிப் பெயரின் முன்னே 'பாஸ்' என்னும் ஒல்லாந்தச் சொல் நிற்கின்றது. தென்னிலங்கையில் இன்றும் மேசனையும் தச்சனையும் 'பாஸ்' என்று அழைப்பது அச்சொல்லே. நில அளவையாளர் கோயில் கட்டுவதா என்று வாசகர்கள் ஐயுற வேண்டா. ஒல்லாந்திலே அளவையும் அரண் கட்டுதலும் ஒரே கல்வியாக இருந்தன. லெய்டன் சர்வகலாசாலையில் 1600 ஆம் ஆண்டிலே சீமோன் ஸ்டெவின் என்னும் கணிதப் பேரறிஞர் அதற்கெனப் பாடத்திட்டம் வகுத்தார். பாடம் இலத்தீனில் அன்று, ஒல்லாந்த மொழியிலேயே நடந்தது. தொழில் செய்வோன் தன் தாய்மொழியிற் கற்றாலே விரைந்து கற்பான் என்பதை அவர்கள் நானூறு ஆண்டுகளுக்கு முன்பே தெளிந்திருந்தனர். நாமோ அதைப் பற்றி இன்னும் கூட்டம் கூட்டிப் பேசுகின்றோம்.

லூசகாம் எடுத்த அமைப்பு நான்கு கைகளும் ஒத்த சிலுவை. அமிஸ்ரடாமின் வடக்குத் தேவாலயம் 1620 களில் அவ்வாறு கட்டப்பெற்றது. ஹார்லெம் நகரத்தில் யாக்கோப் வான் கம்பன் 1640 களில் கட்டிய புதிய தேவாலயமும் அம்முறையினதே. புரட்டஸ்தாந்த வழிபாட்டிலே நடுநாயகமானது பிரசங்கம். எந்தக் கையில் அமர்ந்தாலும் பிரசங்கியாரின் குரல் எட்டவேண்டும். நம் கோயிலிலோ கொடிமரத்தடியில் நிற்பவனுக்கும் மூலவரின் விளக்கொளி நேர்கோட்டிலே தெரியவேண்டும். நம்முடையது கண்ணை எண்ணிக் கட்டியது. அவர்களுடையது காதை எண்ணிக் கட்டியது. இலண்டனில் சேர் கிறித்தோபர் இரென் தம் புனித பவுல் ஆலயத்துக்கு முதலில் வரைந்து மாதிரி செய்ததும் இத்தகைய ஒத்த சிலுவை வடிவமே. குருமார் அதை ஏற்கவில்லை. அவர் நீண்ட கோயிலையே கட்டவேண்டியதாயிற்று. இலண்டனிலே பெருங்கலைஞருக்கு மறுக்கப்பட்டது, யாழ்ப்பாணத்திலே ஒரு நில அளவையாளருக்குக் கிட்டியது.

கட்டியது முருகைக்கல்லால். எடுக்கும்போது வெட்ட எளிது; காற்றுப்பட இறுகும். அதே கல்லைச் சூளையிற் சுட்டால் சுண்ணாம்பு. ஆகவே கல்லும் சாந்தும் ஒரே கடல் தந்தவை. உள்ளே தொங்கிய மணிகளுள் ஒன்று 1648 ஆம் ஆண்டினது. போர்த்துக்கேயரின் அற்புத மாதா கோயிலுக்கென வார்க்கப்பட்டது. மாதா வழிபாட்டைத் தடுத்த ஒல்லாந்தர் அவளுடைய மணியை மட்டும் விட்டுவைத்தனர். வெண்கலத்துக்கு மதமில்லை போலும்.

அந்தக் கல்லைச் சுமந்தவர் யார்? ஒல்லாந்தர் ஆட்சியிலே 'ஊழியம்' என்ற கட்டாய வேலை இருந்தது. குறித்த சில சாதியார் ஆண்டுதோறும் குறித்த நாட்கள் அரசுக்கு உழைக்கவேண்டும், தவறின் தண்டம். அவருடைய பெயர்கள் எந்தக் கல்லிலும் வெட்டப்படவில்லை. லூசகாமைப் புகழும் நாம் இதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

தேவாலயம் எழுந்த அதே 1706 ஆம் ஆண்டிலேதான் ஆள்பதி சைமன்சின் ஆணைப்படி கிளாஸ் ஐசாக்ஸ் நம் நாட்டு வழக்கங்களைத் தொகுக்கலானார். 1707 இல் தொகுப்பை ஒப்படைத்தார். அதுவே தேசவழமை. அது இன்றும் நீதிமன்றங்களில் வாழ்கின்றது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று நாம் வழக்காடுவது அதனாலே. தேவாலயமோ 1990 இன் கோட்டை முற்றுகையிலும் அதனையடுத்த காலத்திலும் இடிந்து போயிற்று. 284 ஆண்டு நின்ற கட்டடம். போர் முடிந்தபின் ஒல்லாந்த நாட்டு உதவியுடன் தொல்பொருட்டிணைக்களம் மதில்களைச் செப்பனிட்டது. தேவாலயம் எழவில்லை.

அதை மீண்டும் கட்டவேண்டுமா? கோட்டைக்கு அயலிலே, சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மனின் திட்டப்படி எழுந்த பொதுநூலகம் 1981 இல் எரிந்தது; பின்னர் மீளக் கட்டப்பட்டது. எரிந்த கூட்டை நினைவாக விடவேண்டும் என்றும் அன்று சிலர் வாதித்தனர். அங்கே மீளக் கட்டியதே சரி என்பது எம் கருத்து. படிக்கப் பிள்ளைகள் காத்திருந்தனர். தேவாலயத்துக்கு அத்தகைய சபை இன்று கோட்டைக்குள் இல்லை. சீமெந்தால் ஒரு போலியை எழுப்புவதிலும் எஞ்சிய சுவரடிகளைச் சுண்ணச் சாந்தால் இறுக்கி, சிலுவையின் நான்கு கைகளும் நடப்போர்க்கு விளங்குமாறு துப்புரவாக்குதல் நன்று. ஆக்கிரமித்தவன் கட்டியதை நாம் ஏன் பேணவேண்டும் என்று கேட்கும் அன்பர்களும் உளர். அவர்கள் மனம் நொந்து கேட்கும் கேள்வி அது, தள்ளிவிடத்தக்கதன்று. ஆயினும் கல் நம் கடலினது, கை நம் முன்னோருடையது. ஒல்லாந்தன் கொணர்ந்தது வரைபடம் மட்டுமே.

அங்கே ஓர் அறிவிப்புப் பலகை வேண்டும். லூசகாமின் பெயரும் 1706 என்னும் ஆண்டும் தமிழிலே பெரிதாக இருக்கட்டும். அதன்கீழ், ஊழியக்காரர் சுமந்த கல் என்று ஒரு வரி. பலகை வரும்வரை, விடுமுறையில் பிள்ளைகளுடன் போகிறவர்கள் ஓர் அளவுநாடாவையும் கொண்டுபோகலாம். நான்கு கைகளும் ஒத்தனவோ என்று அவர்களே அளந்து பார்க்கட்டும்.

கொழும்பிலே 1757 இல் திறக்கப்பட்டு இன்றும் மணியோசை கேட்கும் வொல்வெண்டால் தேவாலயத்தைப் பற்றி அடுத்த கிழமை எழுதுவோம்.