எண்ணாக மாறிய படமும் மீன்பிடித் தொழிலும்

டிஜிட்டல் காமிராவின் சிறப்பு யாது என வினவினால், படச்சுருளும் இருட்டறையும் இன்றி நொடியில் படம் கிடைப்பதே என்று பெரும்பாலோர் விடை பகர்வர். அதனினும் பெரிய சிறப்பு ஒன்று உண்டு. அக்கருவி படத்தை அளவீடாக மாற்றியது.

1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பாயில், ஸ்மித் என்னும் விஞ்ஞானிகள் சி.சி.டி. என்ற சிலிக்கன் சில்லுக்கு வித்திட்டனர். அதன்மீது விழும் ஒளி மின்னூட்டமாக மாறுகிறது. ஒவ்வொரு புள்ளியிலும் சேரும் மின்னூட்டத்தை எண்ணாகக் குறிக்க முடிகிறது. 1975-இல் கோடக் நிறுவனத்தின் ஸ்டீவன் சாசன் இச்சில்லைக் கொண்டு ஒரு காமிராவை அமைத்தார். அதன் படத்தில் 10,000 புள்ளிகளே இருந்தன; ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடிகள் பிடித்தன. தெளிவில் அது படச்சுருளுக்கு ஈடன்று. எனினும் எண்களான படத்தைக் கணக்கிடலாம், ஒப்பிடலாம், தொலைவிற்கு அனுப்பலாம்.

இம்மாறுதலின் பயனைக் கேரளத்திலேயே காணலாம். 1970-இல் பி. ஆர். பிஷாரடி தலைமையில் தென்னை வாடல் நோயை ஆராய, ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படச்சுருளில் படங்கள் எடுக்கப்பட்டன. சுருளைத் தரைக்குக் கொணர்ந்து கழுவிய பின்னரே ஆராய்ச்சி தொடங்க இயலும். 1988 மார்ச் 17-இல் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக்கோளின் காமிராக்களிலோ சி.சி.டி. சில்லுகள் அமைந்திருந்தன. 1999 மே 26-இல் சென்ற ஓஷன்சாட்-1, கடலின் நிறத்தை எட்டு அலைநீளப் பட்டைகளில் அளந்தது.

நிறத்திலிருந்து பச்சையத்தின் அளவும், அதிலிருந்து மீனுக்கு இரையாகும் நுண்ணுயிர்கள் செழிக்கும் இடமும் அறியப்படுகின்றன. இத்தகைய அளவுகளோடு கடல்நீரின் வெப்பநிலையையும் ஒப்பிட்டு, ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் மீன் திரளக்கூடிய இடங்களைக் கரையோர மொழிகளில் அறிவிக்கிறது. கொச்சியின் தோப்பும்படித் துறைமுகத்திலிருந்து புறப்படும் படகுக்கு, மீனைத் தேடி அலையும் நேரம் குறைந்தால் எரிபொருட் செலவும் குறையும்.

ஆயினும் இவ்வளவீட்டிற்கு எல்லை உண்டு. மேகம் மூடிய நாளில் கடல்நிறக் காமிராவால் ஏதும் காண இயலாது. மேலும், மீன் எங்கே உள்ளது என்பதை அது குறிப்பால் உணர்த்துமேயன்றி, எவ்வளவு பிடிக்கலாம் என்று கூறாது. கேரளத்தில் 2012-இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் கிடைத்த மத்தி, 2021-இல் 4,000 டன்னுக்கும் கீழே சென்றது. கடற்சூழலின் மாறுதலும் இளமீன்களைப் பிடித்தலும் காரணங்களாக ஆராயப்படுகின்றன. இடத்தை மட்டும் அறிவித்து அளவைக் கூறாதிருத்தல் பாதி உதவியே ஆகும்.

மறுபாதிக்கான கருவி மீனவர் கையிலேயே உள்ளது. கைப்பேசியின் காமிராவும் ஓர் அளவுகோலே. மத்திக்குக் கேரள அரசு விதித்துள்ள குறைந்தபட்ச நீளம் 10 செ.மீ. கரைக்கு வந்த மீனை அளவுகோலுடன் வைத்துப் படமெடுத்தால், அப்படத்திலிருந்தே மீனின் நீளத்தைக் கணக்கிடலாம். துறைமுகந்தோறும் இவற்றைத் திரட்டி, கொச்சியிலேயே உள்ள மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்திற்கு நாள்தோறும் அனுப்ப ஏற்பாடு வேண்டும். இளமீன் மிகுந்த பகுதியை விலக்குமாறு கூறும் எச்சரிக்கை, மீன் திரளும் இடத்தைக் கூறும் அதே அறிவிப்பில் இடம்பெறுதல் வேண்டும். வானிலிருந்து எடுக்கும் அளவும் கரையில் எடுக்கும் அளவும் ஒன்றுசேர்ந்தாலன்றி, இவ்விஞ்ஞானத்தின் பயன் அடுத்த தலைமுறை மீனவருக்குக் கிட்டாது.