குன்றும் கடலும் நம் வகுப்பறைகளே

கல்வி நான்கு சுவர்களுக்குள் அடங்குவதன்று. ஏட்டில் கற்றதை இயற்கையில் கண்டு தெளியும்போதே அறிவு நிறைவு பெறுகின்றது. ஆயினும், மாணவர்களைக் காட்டிற்கும் கடற்கரைக்கும் அழைத்துச் செல்லுதல் பாட நேரத்தை வீணாக்குவதாகும் எனக் கருதும் பெற்றோரும் உளர். அக்கருத்துப் பொருந்தாது என்பதைச் சிறியதோர் உயிரினத்தைக் கொண்டே விளக்கலாம்.

பாலிக் புலாவ் என்னும் மலாய்ப் பெயருக்குத் தீவின் பின்புறம் என்பது பொருள். இங்கே டுரியானும் சாதிக்காயும் கிராம்பும் விளையும் குன்றுகளும், அலையாத்தி மரங்கள் அடர்ந்த கடலோரமும் அருகருகே அமைந்துள்ளன. நம் முன்னோர் குறிஞ்சி, நெய்தல் எனப் பகுத்த இருவகை நிலங்களையும் ஒரே நாளில் நடந்து காணும் பேறு இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு உண்டு.

டுரியான் பூ மாலையில் மலர்ந்து, இரவில் தேன் சுரந்து, விடியுமுன் இதழ் உதிர்ப்பது. அப்பூவிற்கு மகரந்தம் சுமந்து வருவனவற்றுள் முதன்மையானது தேனுண்ணும் சிறு வௌவால். டுரியான் பூவாத காலத்தில் அவ்வௌவாலுக்கு உணவு எங்கே? கடலோரச் சேற்றில் வளரும் பெரெப்பாட் மரமும் இரவிலேதான் பூக்கின்றது. பத்துமலைக் குகையில் வாழும் இவ்வௌவால்கள், 30 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள கடலோர மரங்களை நாடிப் பறப்பதை 1970ஆம் ஆண்டுகளில் ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். எனவே, கடலோர மரத்தை வெட்டினால் குன்றின்மேல் டுரியான் காய்ப்புக் குறையக்கூடும். இவ்வுண்மையை அறிந்த சிறுவன் வௌவால்மீது கல்லெறிவானா?

இத்தகைய தொடர்புகளைக் கண்டறியக் கண்ணும் பொறுமையும் வேண்டும். அவற்றைப் பழக்குவதே நடைப்பயணம். சேற்றினின்று பென்சில்போல் மேல்நோக்கி நிற்கும் மூச்சு வேர்களையும், மரத்திலேயே முளைவிட்டுத் தொங்கும் பாக்காவ் விதைகளையும், சேற்றில் தாவும் மீனையும் மாணவர் நேரில் காணட்டும். காட்டினூடே நடந்து கடலை அடைய, 2003ஆம் ஆண்டில் அறிவிக்கப்பெற்ற பினாங்கு தேசியப் பூங்காவும் அண்மையில் உள்ளது. அதன் கெராச்சுட் கரைக்குக் கடலாமைகள் முட்டையிட வருகின்றன.

மாணவச் செல்வங்களே! குறிப்பேட்டுடன் செல்லுங்கள். கண்டதை எழுதுங்கள்; வரையுங்கள்; எதனையும் பறித்து வாராதீர்கள். தோட்டத் தொழிலாளப் பெருமக்களே! பட்டையைப் பார்த்தே மரத்தின் பெயர் கூறும் ஆற்றல் உங்களுள் பலருக்கு உண்டு. விடுமுறை நாளொன்றில் வழிகாட்டிகளாக உடன் வாருங்கள். பெற்றோர்களே! மனமுவந்து இசைவு தாருங்கள். தன் ஊரின் குன்றையும் கடலையும் அறிந்த பிள்ளையே நாளை அவற்றைக் காக்கும்.